முட்டி ஆபரேஷனும் தொடையில் போடும் மரப்பு ஊசியும்

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 67 வயது, 12 வருடமாகச் சுகர். அடுத்த வாரம் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். மயக்க டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன், அப்புறம் வலி தெரியாமல் இருக்கத் தொடையில் நெர்வ் பிளாக்" என்று சொல்லியிருக்கிறார். அது அவசியமா? நரம்பில் குத்தினால் கால் செயலிழந்து போகாதா? எத்தனை நாளைக்கு வலி இருக்காது?

மயக்க மருத்துவம்தான் என் தொழில். இந்த ஊசியை வாரத்தில் பல தடவை போடுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மாவைத் தொட்டுப் பார்த்தவர் அங்கே இருக்கும் டாக்டர்; நான் சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தால் அவரிடமே காரணம் கேளுங்கள்.

முதலில் வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "பிளாக் போடப்போகிறோம்" என்றதும் பாதிப் பேர் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பிளாக் என்றால் இதய ரத்தக்குழாய் அடைப்பு. "ஈசிஜி நல்லாத்தானே இருந்துச்சு, இப்ப எங்கேருந்து பிளாக் வந்துச்சு?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். 'நரம்பு' அதைவிட மோசம். கையில் குளுக்கோஸ் ஏற்றுவதும் 'நரம்பு ஊசி', கெண்டைக்காலில் புடைத்து நிற்பதும் 'நரம்பு சுருட்டல்'. இரண்டுமே உண்மையில் ரத்தக்குழாய். இங்கே பேச்சு, வலியையும் தொடு உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோகிற நிஜ நரம்பைப் பற்றி. இந்த ஊசி நரம்புக்கு உள்ளே போவதில்லை. நரம்பைச் சுற்றி மருந்தைத் தேக்கி வைக்கிறோம், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஏற்கெனவே இது நடந்திருக்கலாம். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது பல் டாக்டர் வாயின் கோடியில் ஓர் ஊசி போடுவார். கொஞ்ச நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் தடித்துப்போன மாதிரி இருக்கும். அது நெர்வ் பிளாக்தான். ஊசி விழுந்த இடம் ஒன்று, மரத்துப்போன இடம் இன்னொன்று, கவனித்தீர்களா? தொடையில் போட்டு முட்டியை மரக்கவைப்பதும் அதே கணக்கு. நரம்பில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்தால்தான் செய்தி நகரும். மருந்து அந்தக் கதவுகளைச் சில மணி நேரம் அடைத்து வைக்கிறது. மருந்து கரைந்து ரத்தத்தில் கலந்து போனதும் கதவு திறந்துகொள்கிறது. கால் செயலிழந்து போகாதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. மீதிக்கு அப்புறம் வருகிறேன்.

முதுகு ஊசி இருக்கும்போது இது எதற்கு? முதுகில் போடும் மருந்து இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் மரக்கச் செய்யும், ஆனால் சுமார் மூன்று மணி நேரத்துக்குத்தான். ஆபரேஷனுக்கு அது போதும். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு வேளையில் கால் விரல் அசையத் தொடங்கும், கூடவே வலியும் வந்து உட்காரும். மூட்டு மாற்றில் தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் ரம்பத்தால் சீவித்தான் உலோகத்தைப் பொருத்துகிறார்கள். வலியின் உச்சம் முதல் இரண்டு நாள். அந்த இரண்டு நாளில்தான் பிசியோதெரபிஸ்ட் வந்து "எழுந்து நில்லுங்கம்மா, மடக்குங்கம்மா" என்பார். வலிக்குப் பயந்து படுத்தே கிடந்தால் முட்டி இறுகும், காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடும். இந்த ஊசியை வெறும் சுகத்துக்காகப் போடுவதில்லை, எழுந்து நடக்கத்தான்.

நடப்பதற்காகப் போடுகிற ஊசி நடையையே கெடுத்த காலமும் உண்டு. நான் பயிற்சியில் இருந்தபோது எல்லோரும் போட்டது தொடை இடுக்கில், ஃபெமோரல் நரம்பைச் சுற்றி. வலி அற்புதமாக அடங்கும். ஆனால் முட்டியை நீட்டிப் பிடிக்கிற முன்தொடைத் தசைக்கும் அதே நரம்புதான் ஆணை கொடுக்கிறது. வலி இல்லை என்ற தைரியத்தில் ஓர் அம்மா ராத்திரி யாரையும் எழுப்பாமல் பாத்ரூமுக்குக் கிளம்பினார். கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் முட்டி துணி மாதிரி மடிந்தது. எலும்பு முறியவில்லை, தையல் பிரிந்தது, மறுபடி ஆபரேஷன் தியேட்டர். மறுநாள் காலை வார்டுக்குப் போனபோது அவர் என்னைத் திட்டவில்லை. "கால் இருக்கிறதே தெரியலை தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றைக்கும் வார்டில் கட்டிலைத் தாண்டும்போது வாக்கர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் தேடும்.

இப்போது ஊசியின் இடம் கீழே இறங்கிவிட்டது. தொடையின் உள்பக்கம், ஏறக்குறைய நடுவில், தசைகளுக்கு இடையே ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. பெயர் அடக்டர் கனால். பழைய உடற்கூற்றுப் புத்தகங்களில் ஹண்டர் கனால் என்று இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய் வீங்கியவர்களுக்கு இந்த இடத்தில் குழாயைக் கட்டி வைத்தியம் செய்தார். முன்தொடைத் தசைக்குப் போகிற கிளைகளில் பெரும்பாலானவை இதற்கு மேலேயே பிரிந்துவிடும். பாதை வழியாகப் போவது முக்கியமாக முட்டியின் முன்பக்க, உள்பக்க உணர்வைச் சுமக்கும் நரம்புகள். எனவே வலி குறையும், தசையின் பலம் பெரும்பாலும் தங்கும். 'பெரும்பாலும்' என்பதைக் கவனியுங்கள். மருந்து கொஞ்சம் மேலே ஏறினால் தசை தளரலாம். ஆகவே எந்த பிளாக் போட்டிருந்தாலும் முதல் முறை எழும்போது பக்கத்தில் ஆள் வேண்டும், வாக்கர் வேண்டும். இதில் வீரம் காட்டக் கூடாது.

இன்னொரு விஷயத்தை நிறைய டாக்டர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: இந்த ஊசி முட்டி முழுவதையும் மரக்கச் செய்யாது. முட்டியின் பின்பக்கத்துக்கு வேறு நரம்பு, பிட்டத்திலிருந்து இறங்கி வருகிற சயாட்டிக் நரம்பின் கிளைகள். "முன்னாடி ஒண்ணும் இல்லை டாக்டர், பின்னாடி மடிப்புலதான் கடுகடுன்னு இருக்கு" என்று நோயாளிகள் சொன்னால் ஊசி தப்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை, அது அவ்வளவுதான் செய்யும். சயாட்டிக் நரம்பையே மரக்க வைத்தால் பாதத்தைத் தூக்க முடியாது. ஆபரேஷனில் நரம்பு பாதிக்கப்பட்டதா, இல்லை மருந்தின் வேலையா என்று எலும்பு டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும். அவர்களுக்கு அது பிடிக்காது, நியாயம்தான். அதனால் முட்டிக்குப் பின்னால் ரத்தக்குழாய்க்கும் மூட்டு உறைக்கும் நடுவே மெல்லியதாக மருந்தைப் பரப்புகிற முறை ஒன்று வந்திருக்கிறது. ஐபேக் என்பார்கள். இல்லாவிட்டால் எலும்பு டாக்டரே மூட்டைத் தைத்து மூடும் முன் உள்ளே சுற்றிலும் மருந்தை ஊற விடுவார். சிட்னியைச் சேர்ந்த கெர், கோஹன் என்ற இரு மருத்துவர்கள் 2008-இல் தங்கள் முறையை வெளியிட்ட பிறகு இது உலகம் முழுக்கப் பரவியது. மூட்டு மாற்றுக்கு இன்றைய சர்வதேசப் பரிந்துரைகள் சொல்வதும் ஏறக்குறைய இந்தச் சேர்க்கையைத்தான்: அடக்டர் கனால் ஊசி ஒன்று, மூட்டைச் சுற்றி மருந்து, வேளாவேளைக்கு மாத்திரை. மார்ஃபின் வகையறா தாங்க முடியாத வலிக்கு மட்டும்.

ஊசி போடும்போது என்ன நடக்கும்? அநேகமாக அம்மா முதுகு ஊசியிலேயே இருப்பார், குத்துவதுகூடத் தெரியாது. காலைத் தவளை மாதிரி லேசாக வெளிப்பக்கம் திருப்பி வைப்போம். மருந்து தடவித் துடைத்து, ஸ்கேன் கருவியின் முனையைத் தொடையில் வைத்ததும் திரையில் சாம்பல் நிறத்தில் தசை அடுக்குகள் தெரியும். மேலே படகு வடிவத்தில் ஒரு தசை. அதன் அடியில் கருப்பு வட்டமாக ரத்தக்குழாய், டப் டப்பென்று துடித்துக்கொண்டிருக்கும். அதன் ஓரத்தில் பொட்டு வைத்த மாதிரி வெள்ளையாக மின்னுவதுதான் நாம் தேடுகிற நரம்பு. ஊசி ஒரு கோடாகப் படகுத் தசையைத் தாண்டி வரும். இரண்டு மி.லி. விட்டுப் பார்ப்போம். கருப்புக் குட்டை ஒன்று விரிந்து, படகு மெல்ல மேலே எழும்பினால் சரியான இடம். மொத்தம் 15 முதல் 20 மி.லி., பத்து நிமிட வேலை. அந்தத் திரையை நோயாளி பக்கம் திருப்பிக் காட்டுவது என் வழக்கம். பாதிப் பேர் "குழந்தை தெரியுதா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு: கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் எங்கள் ஸ்கேன் மெஷினையும் பதிவு செய்தாக வேண்டும். முட்டி மாற்றும் தியேட்டர் வாசலிலும் அந்த எச்சரிக்கைப் பலகை தொங்கும்.

சரி, எத்தனை நாளைக்கு வலி இருக்காது என்ற கேள்விக்கு வருவோம். நாள் கணக்கே இல்லை, மணிக் கணக்குதான். நாங்கள் போடும் மரப்பு மருந்து புபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்ன், ஒரு தடவை போட்டால் சுமாராக 12 முதல் 18 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள். டெக்சாமெதசோன் சேர்த்தால் இன்னும் சில மணி நேரம் நீளும் (அது ஸ்டீராய்டு; சுகர் உள்ளவர்களுக்கு ஓரிரு நாள் சுகரை ஏற்றும் என்பதால் உங்கள் அம்மாவுக்கு யோசித்துத்தான் போடுவார்கள்). காலை பதினொரு மணிக்குப் போட்ட ஊசி நள்ளிரவிலிருந்து விடியற்காலைக்குள் எப்போது வேண்டுமானாலும் விடைபெறும். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது ஊசி போடும் பத்து நிமிடத்தைப் பற்றி அல்ல, அது விட்டுப்போகும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி.

வார்டில் நடப்பதைச் சொல்கிறேன். இரவு ஒன்பதரைக்கு நர்ஸ் மாத்திரையோடு வருகிறார். நோயாளி டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "வலியே இல்லையே சிஸ்டர், எதுக்கு மாத்திரை? வயித்தைப் புண்ணாக்கும்." கூட இருக்கும் மகளும் ஆமாம் என்கிறார். மாத்திரை டிராயருக்குள் போகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எனக்குப் போன்: "சார், பேஷன்ட் கத்துறாங்க." பன்னிரண்டு மணி நேரம் எதுவுமே தெரியாமல் இருந்த காலில் முழு வலியும் ஒரே நேரத்தில் வந்திறங்கியிருக்கும். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் சேர்ந்து வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். அதுவரை ஊசி மேல் ஊசி, வாந்தி, மயக்கம், மறுநாள் பிசியோவுக்கு "இன்னிக்கு வேண்டாம்" என்ற பதில். குடும்பம் சொல்வது, "அந்த பிளாக் சரியா வேலை செய்யலை." வேலை செய்தது. செய்து முடித்துப் போய்விட்டது. மரப்பு விடும்போது அதற்கான மாத்திரை ஏற்கெனவே உடம்பில் இருந்திருக்க வேண்டும்.

ஆகவே வலி இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை நேரத்துக்குப் போக வேண்டும். அடிப்படை பாரசிட்டமால். சாதாரணமாகத்தானே என்று அலட்சியம் செய்யாதீர்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாமல் கொடுத்தால் அது நிறைய தாங்கும். எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் சரியில்லாதவர்களுக்கும் அளவைக் குறைப்பார்கள். அதோடு செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்ற, வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரை. 12 வருடச் சுகர் என்பதால் இங்கே கொஞ்சம் கவனம்: கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இந்த வகை மாத்திரைகள் ஆகாது. அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் பிளாக் இன்னும் அதிகம் உதவும், ஏனென்றால் அவர்களுக்கு மாத்திரைப் பட்டியலே குட்டை. டிரமடால் என்ற வலி மருந்து வேலை செய்யும், ஆனால் வயதானவர்களுக்கு வாந்தி, தலைசுற்றல், சில சமயம் இரவில் உளறல். ஐஸ் ஒத்தடம் இலவசம். கட்டு நனையாமல், தோலில் நேராகப் படாமல் வையுங்கள்.

இப்போது பயத்துக்கு. நரம்புக்கு நிரந்தரமாக ஏதாவது ஆகுமா? நீண்ட நாள் நிற்கிற பாதிப்பு பத்தாயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சில நாள், சில வாரம் எறும்பு ஊர்கிற மாதிரியோ திட்டாக மரத்தோ இருப்பது அதைவிட அதிகம் பேருக்கு வரும், தானாகச் சரியாகிவிடும். முட்டியின் முன்னால் வெட்டுத் தழும்புக்கு வெளிப்பக்கம் ஓர் உள்ளங்கை அளவு இடம் மாதக்கணக்கில் மரத்தே இருந்தால் அதற்கு எங்கள் ஊசியைக் குறை சொல்லாதீர்கள், தோலை வெட்டும்போது சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் அநேகம் பேருக்கு வருவது அது. ஆபரேஷனாலேயும் நரம்பு பாதிக்கப்படலாம்: கால் வெளிப்பக்கமோ உள்பக்கமோ ரொம்ப வளைந்திருந்து அதை நிமிர்த்தும்போது நரம்பு இழுபடலாம், ரத்தம் வராமல் இருக்கத் தொடையில் இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையாலும் நசுங்கலாம்.

நாங்கள் உள்ளூரப் பயப்படுவது வேறொன்றுக்கு: மருந்து தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போவது, அல்லது மொத்த அளவு மீறுவது. காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மரப்பு, நாக்கில் உலோகச் சுவை என்று ஆரம்பித்து வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். அபூர்வம்தான், ஆனாலும் ஊசி போடும்போது நான் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். வைத்தியமும் விசித்திரமானது: பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை ரத்தத்தில் ஏற்றுவோம், அது மருந்தை இதயத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அமெரிக்க மயக்க மருத்துவர் கை வைன்பர்க் 1998-இல் எலிகளில் இதைக் காட்டினார். 2006-இல் மனிதர் ஒருவர் இதனால் பிழைத்தது பதிவானது. அளவுக் கணக்கு சின்னதுதான். 60 கிலோ எடை என்றால் ரோபிவகெய்ன் கிலோவுக்கு 3 மி.கி. வீதம் 180 மி.கி. வரை. 0.2 சதவீத மருந்தில் 20 மி.லி. நான் தொடையில் போட்டால் 40 மி.கி. தீர்ந்தது. எலும்பு டாக்டர் மூட்டுக்குள் விடுவதும் அதே 180-க்குள் அடங்க வேண்டும். அவரும் நானும் ஒருவரோடொருவர் பேசாத தியேட்டரில்தான் ஆபத்து.

உங்கள் அம்மா விஷயத்தில் இரண்டு சங்கதிகளை மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்று, பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல், மதமதப்பு, செருப்பு கழன்றுபோவதே தெரியாத நிலை இருக்கிறதா? சுகரால் தளர்ந்த நரம்பில் மருந்து அதிக நேரம் நிற்கும், புதிதாக ஏதாவது வந்தால் எது பழையது எது புதியது என்றும் தெரியாது. அப்படி இருந்தால் ஊசியே கூடாது என்றில்லை. அளவும் செறிவும் குறையும், கேஸ் ஷீட்டில் எழுதி வைப்பார்கள். இரண்டாவது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை. ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரிதாகத் தடையில்லை. குளோபிடோக்ரல் இருந்தால் முதுகு ஊசிக்கு முன் ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்துவது வழக்கம். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடையில் போடும் ஊசி, ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கக்கூடிய இடத்தில் இருப்பதால் அவ்வளவு கறாரான கணக்கு அதற்கு இல்லை.

ஒரு நாளுக்கு மேல் நீடிக்க வேண்டுமென்றால் நூல் மாதிரி மெல்லிய குழாயை நரம்பின் பக்கத்திலேயே விட்டுவைத்து இரண்டு மூன்று நாள் மருந்தைச் சொட்டவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் குழாய் நகர்ந்துவிடும், ஓரத்தில் கசியும், ராத்திரி பம்ப் கத்தும். ஒரு சாதாரண முட்டி மாற்றுக்கு நான் அதை விரும்புவதில்லை. அப்புறம், யூடியூபில் "ஆபரேஷன் இல்லாமல் முட்டிவலிக்கு நெர்வ் பிளாக்" என்று பார்த்திருப்பீர்கள். அது வேறு: மூட்டைச் சுற்றியுள்ள குட்டி நரம்புகளை ரேடியோ அலைச் சூட்டில் கருக்குவது, ஆபரேஷன் செய்ய முடியாதவர்களின் நாள்பட்ட வலிக்கு, பல மாதம் நிற்கும். நம் கதைக்குச் சம்பந்தமில்லை.

அவசியமா என்று கேட்டால், அவசியம் இல்லை, ஆனால் கிடைத்தால் விடமாட்டேன். என் அம்மாவுக்குச் செய்தபோதும் இதையே போடச் சொன்னேன். போடத் தெரிந்தவரோ ஸ்கேனோ இல்லாத ஆஸ்பத்திரி என்றால் அதற்காக ஆபரேஷனை வேறிடத்துக்கு மாற்ற வேண்டாம். மூட்டுக்குள் விடும் மருந்தும் ஒழுங்கான மாத்திரையும் இருந்தால் சமாளிக்கலாம்.

ஊசி போட்டு முடித்ததும் கட்டின் மேல் மார்க்கர் பேனாவால் நேரத்தை எழுதிவிடுவேன், '11.20' என்று. உங்கள் டாக்டர் எழுதாவிட்டால் கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் முதுகு மரப்பு முழுதாக விட்டதும் பாதத்தை முகம் பக்கமாக மடக்கச் சொல்லிப் பாருங்கள்; அது வரவில்லை என்றாலோ, தொடை மரப்பு இரண்டு நாள் தாண்டியும் விடவில்லை என்றாலோ, கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி எந்த மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை என்றாலோ, ராத்திரி எத்தனை மணி ஆனாலும் டியூட்டி டாக்டரை எழுப்புங்கள். மற்றபடி இரவு பத்து மணிக்கு ஒரு அலாரம் போதும். அம்மா சீரியலைப் பார்த்துக்கொண்டே "வேண்டாம்டா" என்பார். மாத்திரையையும் தண்ணியையும் கையில் கொடுத்துவிட்டு அவர் விழுங்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.